முன்பக்கத்தில் நமக்கு எத்தனை பேர்ச்?



ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை எடுத்து விரியுங்கள். எந்தப் பத்திரிகை என்று பெயர் சொல்லத் தேவையில்லை. கடையில் கிடைத்தது எதுவானாலும் சரி. முதலில் கண்ணில் படுவது என்ன? பத்திரிகையின் பெயருக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒரு வண்ணப் பட்டை. அதில் சென்னை நடிகை ஒருவரின் சிரிப்பு. அவருக்கு அடுத்ததாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட கதாநாயகன். "யாருடன் திருமணம்? விபரம் உள்ளே" என்று மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழேதான் நாட்டின் செய்தி தொடங்குகிறது. நம்முடைய செய்தி அதற்கும் கீழே, அல்லது ஏழாம் பக்கத்தில், அல்லது அடுத்த வாரத்தில்.

இது சிறிய விஷயம் என்று சிலர் சொல்வார்கள். "சம்பளப் பிரச்சினை இருக்கிறது, லயத்துக் கூரை ஒழுகுகிறது, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு நடிகை படத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சம்பளமும் கூரையும் காணியும் நாட்டின் காதில் விழ வேண்டுமானால் அவை அச்சாக வேண்டிய இடம் எது? அந்த இடத்தைத்தான் பட்டை போட்டு மறைத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அடிமட்டம் எடுத்து அளந்து பாருங்கள்

நமக்குப் பழகிய கணக்கிலேயே பார்ப்போம். ஒரு பத்திரிகையின் முன்பக்கம் 50 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 10 பேர்ச் காணியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சினிமாப் பட்டை 10 சென்டிமீட்டர் பிடித்தால் 2 பேர்ச் போயிற்று. பத்திரிகையின் பெயருக்கு 5 சென்டிமீட்டர் என்றால் இன்னும் 1 பேர்ச். அடியில் வங்கி விளம்பரமோ தொலைபேசிக் கம்பனி விளம்பரமோ 15 சென்டிமீட்டர் என்றால் 3 பேர்ச். மிஞ்சுவது 4 பேர்ச். அந்த 4 பேர்ச்சில் ஜனாதிபதி, பாராளுமன்றம், கொழும்பு, யாழ்ப்பாணம், உலகச் சண்டைகள் எல்லாம் குடியேற வேண்டும். மலைநாட்டுக்கு மிச்சம் என்ன? வாசற்படி.

பத்திரிகை கடையில் எப்படித் தொங்குகிறது என்பதையும் கவனியுங்கள். கண்டி பஸ் நிலையத்திலும், கலஹாவிலும், தெல்தோட்டையிலும், புசல்லாவையிலும் கடைக்காரர் அதை நடுவில் மடித்துத்தான் தொங்கவிடுகிறார். தெரிவது மேல் பாதி மட்டும். 25 சென்டிமீட்டர் மேல் பாதியில் பட்டையும் பெயரும் 15 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டால், செய்திக்கு எஞ்சுவது ஒரு சாண் கூட இல்லை. வீதியில் போகிறவர் காசு கொடுக்காமல் வாசிக்கும் பத்திரிகை அந்த மேல் பாதிதான். கொழும்பில் அமைச்சர் காரில் போகும்போது கண்ணில் படுவதும் அதே மேல் பாதிதான்.

இன்னொன்று. நகரத்தில் அலுவலகம் போகிறவர் தினமும் பத்திரிகை பார்க்கிறார். ஒரு நாள் முன்பக்கம் பாழானாலும் மறுநாள் ஒன்று வரும். லயத்துக்குப் பத்திரிகை வருவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். கிழமை முழுவதுக்கும் ஒரே ஒரு முன்பக்கம். அந்த ஒன்றைத்தான் சினிமாவுக்கு அதிகமாகத் திறந்து விடுகிறார்கள்.

காசு கொடுக்காத விளம்பரம்

பத்திரிகைக்காரர்கள் சொல்லும் முதல் சமாதானம் இது: "விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. நீங்கள் கொடுக்கும் விலை தாளுக்கும் மைக்கும் போதாது." இது உண்மை. 2022ஆம் ஆண்டு டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது அச்சுத் தாளுக்கும் தட்டுப்பாடு வந்தது. அந்த மார்ச் மாதத்தில் 'திவயின', 'தி ஐலண்ட்' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டி வந்தது. பத்திரிகைத் தொழிலின் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. அங்கும் தொழிலாளர்கள்தான் வேலை செய்கிறார்கள்.

ஆனால் இந்தச் சமாதானம் சினிமாப் பட்டைக்குப் பொருந்தாது. வங்கி விளம்பரத்துக்கு வங்கி காசு கொடுக்கிறது. "நடிகையின் காதல், உள்ளே" என்ற பட்டைக்கு யார் காசு கொடுக்கிறார்? யாரும் இல்லை. அது பத்திரிகை தன்னுடைய உள்பக்கத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் விளம்பரம். அதற்கு விலை செய்தியின் இடம். செய்தி வாங்கக் காசு கொடுத்த வாசகரிடம், அந்தச் செய்திக்குரிய இடத்திலேயே, இன்னும் ஏதோ உள்ளே இருக்கிறது என்று மறுபடியும் விற்கிறார்கள்.

கொழுந்து மடுவத்தில் நமக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை. கூடையில் இருப்பது முழு நிறை. எழுதப்படுவது குறைந்த நிறை. கேட்டால் தண்ணீருக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்பார்கள். முன்பக்கத்திலும் இப்படித்தான். முழு விலை கொடுத்து வாங்குகிறோம். நிறுவையில் கழித்துவிடுகிறார்கள்.

முன்பக்கம் செய்திக்குரியது என்பது யாரோ தூக்கிக் கொடுத்த வரமும் அல்ல. ஒரு காலத்தில் பெரிய பத்திரிகைகளின் முன்பக்கம் முழுவதும் விளம்பரமாகவே இருந்தது. சென்னை 'இந்து' பத்திரிகை 1958இல்தான் முன்பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது. லண்டன் 'டைம்ஸ்' 1966 மே 3ஆம் திகதி வரைக்கும் முன்பக்கத்தில் வரி விளம்பரங்களையே போட்டுக்கொண்டிருந்தது. வாசகருக்கு முதலில் செய்திதான் வேண்டும் என்று பத்திரிகைக்காரர்களே முடிவெடுத்து மாற்றிய இடம் அது. அன்று முடிவெடுத்து மாற்ற முடிந்ததென்றால் இன்றும் முடியும்.

மேலே வராததால் நமக்கு என்ன நட்டம்?

2024ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்போம். ஏப்ரல் 30ஆம் திகதி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1700 ரூபாவாக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மறுநாள் மே தினம். கொட்டகலை மேடையில் ஜனாதிபதியே அறிவித்தார். வெடி கொளுத்தினோம். அந்த அறிவித்தல் உடனே சட்டமாகிவிடுவதில்லை. சம்பள நிர்ணய சபைச் சட்டத்தின்படி ஆட்சேபனை தெரிவிக்க நாள் குறிக்க வேண்டும். அந்த நாள்களில் கம்பனிக்காரர்கள் தூங்கவில்லை. அவர்களுக்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். வர்த்தமானியை வரிக்கு வரி வாசிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட்டார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1700 போயிற்று. செப்டம்பரில் வந்தது 1350 ரூபா. அதற்கு மேல் கொழுந்து கூடுதலாக எடுத்தால் கொடுப்பனவு என்றார்கள்.

இந்தக் கதையில் எத்தனை படிகள்! அறிவித்தல், ஆட்சேபனை, இறுதி வர்த்தமானி, வழக்கு, தடை, மறுபடியும் சபை, மறுபடியும் வர்த்தமானி. ஒவ்வொரு படியிலும் தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது: இன்று என்ன நடந்தது, அடுத்த நாள் எது, இந்த மாதச் சம்பளச் சீட்டில் எந்தத் தொகை இருக்க வேண்டும். கம்பனிக்குச் சட்டத்தரணி இருக்கிறார். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு இருப்பது பத்திரிகை. அந்தப் பத்திரிகை இந்தப் படிகளைத் திகதியோடும் தொகையோடும் முன்பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தால், பெரட்டுக்களத்தில் கேள்வி கேட்க ஒவ்வொரு தோட்டத்திலும் நூறு பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு எவ்வளவு இடம் தேவை? ஒரு நடிகையின் முகத்துக்குக் கொடுத்த இடம் போதும்.

2021இல் 1000 ரூபா வந்தபோதும் இதே பாடம்தான். பல தோட்டங்களில் சம்பளம் ஏறியதும் கிலோவையும் ஏற்றினார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர். எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ கேட்கிறார்கள் என்ற பட்டியலை ஒரு ஞாயிறு முன்பக்கத்தில் போட்டிருந்தால், பக்கத்துத் தோட்டத்து நிலைமையைப் பார்த்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டிருக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் சுவர் எழுப்பி வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, பக்கத்துத் தோட்டத்துச் செய்தி வராமல் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்?

செய்தி மலையிலிருந்து இறங்கி நாட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கண்டிச் சீமையிலேயே சாட்சி இருக்கிறது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அது மலைக்குள் புதைந்து போகவில்லை. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் தரப்பில் நின்று வாதாடினார். அதையொட்டி எழுந்த தகராறு அரசாங்க சபையின் அமைச்சர்களே பதவி விலகும் அளவுக்குப் போனது. ஒரு லயத்துத் தொழிலாளியின் சாவு நாட்டையே உலுக்கியது, நாடு அதைக் கேட்டதால்தான்.

"மக்கள் கேட்கிறார்கள்" என்ற பேச்சு

இரண்டாவது சமாதானம் இது: "நாங்கள் என்ன செய்வது? மக்கள் சினிமாவைத்தான் கேட்கிறார்கள்."

யார் கேட்டார்கள்? எந்தத் தோட்டத்தில் வந்து விசாரித்தார்கள்? நம் பிள்ளைகளின் கையில் இன்று தொலைபேசி இருக்கிறது. சென்னையில் ஒரு படத்தின் பாட்டு வெளியானால் ஐந்து நிமிடத்தில் ஹந்தானை மலையில் கேட்கிறது. லயத்துக் கூரையில் டிஷ் அன்டெனா இருக்கிறது. நடிகருக்குத் திருமணம் என்றால் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்து சொல்லும் சினிமாச் செய்தி ஆறிப்போன தேநீர்.

தொலைபேசியில் கிடைக்காதது எது? தன் தோட்டத்தின் ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்ற செய்தி. தொழில் நீதிமன்றத்தில் நம் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற செய்தி. பிரதேச சபைக்கு வந்த பணத்தில் தோட்டப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற செய்தி. இவற்றைத் தேடி எடுத்து, சரிபார்த்து, எழுதித் தர ஒரு நிருபர் வேண்டும், ஒரு ஆசிரியர் பீடம் வேண்டும். பத்திரிகை ஒன்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. அந்த வேலையை உள்ளே தள்ளிவிட்டு, எல்லாரும் இலவசமாகக் கொடுப்பதை முன்னால் வைத்து விற்கிறார்கள். இது நல்ல வியாபாரம் கூட இல்லை.

சினிமா வம்பு பேசிப் பத்திரிகை விற்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1940களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்றும் பிறகு 'இந்துநேசன்' என்றும் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் சரக்கு. நன்றாக விற்றது. 1944 நவம்பரில் அவர் கத்திக்குத்துக்கு ஆளாகி இறந்தார். அந்த வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947இல் விடுதலையானார்கள். விற்பனை இருந்தது என்பதற்காக அந்தப் பத்திரிகைகளை இன்று யாராவது மதிக்கிறார்களா? விற்கிறது என்பது ஒரு பொருளுக்குச் சான்றிதழ் என்றால், தவறணையில் விற்பதற்கும் அதே சான்றிதழைத்தான் கொடுக்க வேண்டும்.

நாம் பாட்டுக்கு எதிரிகளா?

இதை வாசித்துவிட்டு, சங்கத்துக்காரர்கள் சிரிப்பையும் பாட்டையும் தடை செய்யப் பார்க்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்கக் கூடை சுமந்தவருக்கு ஒரு படம் பார்க்க உரிமை உண்டு. நல்ல பாட்டு ஒன்று கேட்டால் முதுகு வலி கொஞ்சம் மறக்கும். பத்திரிகையின் உள்ளே சினிமாப் பக்கம் இருக்கட்டும். நான்கு பக்கம் இருந்தாலும் இருக்கட்டும். நம் வழக்கு முன்பக்கத்தைப் பற்றியது.

பாட்டையும் பத்திரிகையையும் தொழிலாளியின் பக்கம் நிறுத்தியவர்கள் நம் முன்னோர்களிலேயே இருக்கிறார்கள். கோ. நடேசய்யர் 1920களில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைக்க முடியாத காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பத்திரிகையிலும் எழுதினார், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்குப் பாட்டே பத்திரிகையானது. கேளிக்கையும் போராட்டமும் ஒரே மேடையில் நின்ற காலம் அது.

பெரிய பத்திரிகைகளுக்கும் நல்ல காலம் ஒன்று இருந்தது. 1930இல் தொடங்கிய 'வீரகேசரி' மலைநாட்டு எழுத்தாளர்களுக்கு இடம் கொடுத்தது. 1960களில் நடந்த மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாக வந்தன. தோட்டத்து வாத்தியாரும் கிளாக்கர் மகனும் எழுதிய கதைகளை நாடே வாசித்தது. அதுவும் வாசகருக்கு மகிழ்ச்சி தந்த பக்கம்தான். பத்திரிகை நினைத்தால் நம்மை வைத்தும் வாசகரை மகிழ்விக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

இன்று அந்தப் பட்டையில் நம்முடைய காமன் கூத்து எப்போதாவது வந்திருக்கிறதா? மாசி மாதத்தில் தோட்டம் தோட்டமாகக் காமன் ஊன்றி, இரவிரவாக ஆடி, மன்மதனை எரித்து எழுப்பும் கலை வேறெங்கே இப்படி உயிரோடு இருக்கிறது? அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடும் வாத்தியார்மார் வயதாகிப் போகிறார்கள். அவர்கள் முகம் வண்ணத்தில் அச்சாவதற்கு ஏற்றதல்லவா?

2023இல் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் போய்ப் பாடினாள். மலையகமே பெருமைப்பட்டது. அவள் செய்தியைப் போட்டதில் தப்பில்லை, போடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆரவாரத்தோடு இன்னொரு கேள்வியையும் முன்பக்கம் கேட்டிருக்க வேண்டும்: தோட்டப் பாடசாலைகளில் எத்தனையில் சங்கீத ஆசிரியர் இருக்கிறார்? இப்படிக் குரல் உள்ள பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் யாருக்கும் கேட்காமல் இருக்கிறார்கள்? சென்னைத் தொலைக்காட்சி கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் நம் பிள்ளை நம் பத்திரிகைக்குத் தெரிகிறாள் என்றால், குறை யாரிடம்?

அதே ஆண்டில் மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. நம் முன்னோர் நடந்து செத்த பாதையில் 16 நாள் நடை. அந்தக் கடைசி வாரத்தில்தான், ஆகஸ்ட் 10ஆம் திகதி, ரஜினிகாந்தின் 'ஜெயிலர்' வெளியானது. பழைய பத்திரிகைகளைக் கட்டி வைத்திருக்கும் நூலகம் எதற்காவது இளைஞர்கள் போங்கள். அந்த வாரத்து முன்பக்கங்களை விரியுங்கள். எந்தப் பத்திரிகை நடந்தவர்களை மேலே வைத்தது, எது நடிகரை மேலே வைத்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். நடந்தவர்களை மேலே வைத்த பத்திரிகைக்கு இந்த மடலிலேயே நன்றி சொல்வோம்.

லண்டனில் நடந்த ஒரு கதை

முன்பக்கத்தில் என்ன வருகிறது என்பது தொழிலாளியின் விவகாரம்தான் என்று காட்டிய சம்பவம் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 1984இல் அங்கே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ரூபர்ட் மேர்டொக்கின் 'சன்' பத்திரிகை, சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கையை உயர்த்தியிருந்த ஒரு படத்தை எடுத்து, அவரை ஹிட்லரோடு ஒப்பிடும் தலைப்போடு முன்பக்கத்தில் போடத் தயாரானது. அச்சகத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் படத்தையும் தலைப்பையும் தொடமாட்டோம் என்றார்கள். மே 15ஆம் திகதி 'சன்' படமும் இல்லாமல், தலைப்பும் இல்லாமல், தொழிலாளர்கள் மறுத்துவிட்டதாக ஒரு அறிவித்தலோடு வெளிவந்தது.

முதலாளி அதை மறக்கவில்லை. 1986 ஜனவரியில் பத்திரிகையை வாப்பிங் என்ற இடத்தில் முள்வேலி போட்ட புதிய அச்சகத்துக்கு மாற்றினார். வேலைநிறுத்தம் செய்த சுமார் 5,500 பேரை ஒரேயடியாக நீக்கினார். அவர்கள் குளிரில் அந்த வாசலில் ஓர் ஆண்டுக்கு மேல் மறியல் இருந்தார்கள். அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த மார்ச் மாதம் 13ஆம் திகதி 'சன்' முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்த தலைப்புச் செய்தி என்ன தெரியுமா? நகைச்சுவை நடிகர் ஒருவர், எலி போன்ற வளர்ப்புப் பிராணி ஒன்றை ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றுவிட்டார் என்பது. அதுவும் உண்மையில்லை. தான் அப்படித் தின்னவே இல்லை என்று அந்த நடிகரே பிறகு சொன்னார். இன்றும் அந்தத் தலைப்பு இங்கிலாந்தில் பிரபலம். வாசலில் நின்ற 5,500 குடும்பங்களைத்தான் பலர் மறந்துவிட்டார்கள்.

கேளிக்கை முன்பக்கத்துக்கு வரும்போது அது வெறும் சிரிப்பாக வருவதில்லை. யாரையோ இடம் பெயர்த்துவிட்டுத்தான் வருகிறது.

நிருபரும் நம்மைப் போல் கூலிக்காரர்தான்

இந்தக் கோபத்தைப் பிரதேச நிருபர்கள் மேல் காட்டிவிடக் கூடாது. மலைநாட்டில் செய்தி எழுதும் பல நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. நமக்குக் கிலோ, அவருக்குப் பத்தி. மழையில் நனைந்து, பஸ்ஸில் தொங்கி, இடிந்த லயத்தைப் படம் பிடித்து அனுப்புகிறார். முன்பக்கத்தில் இடமில்லை என்று உள்ளே தள்ளுகிறார்கள், உள்ளேயும் இடமில்லை என்று குப்பைக்குத் தள்ளுகிறார்கள். அன்று அவருக்கு அரைப் பேரும் இல்லை. சினிமாப் பட்டை அவர் கூலியையும் தின்கிறது. முன்பக்கத்தில் மலைநாட்டுக்கு இடம் கேட்கும்போது அவருடைய வயிற்றுக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

நம் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. முன்பக்கத்தில் மலைநாடு வருகிற நாள்களிலும் அடிக்கடி வருவது பொன்னாடையும் மாலையும்தான். பிறந்தநாள் வாழ்த்துக்கு அரைப் பக்கம் வாங்கும் கட்சிக்காரர்கள், அதே பணத்தில் புதிய சம்பள விபரத்தைத் தொழிலாளிக்கு விளங்கும்படி ஒரு பெட்டியாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நடிகர் முகம் இருந்த இடத்தில் அரசியல்வாதியின் முகம் வருவதற்காக நாம் வாதாடவில்லை.

ஒரு கணக்கைப் பத்திரிகை முதலாளிமார் மறக்க வேண்டாம். அச்சுத் தாள் வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கப்படுகிறது. தேயிலை வருடத்துக்கு 100 கோடி அமெரிக்க டொலருக்கு மேல் இந்த நாட்டுக்குக் கொண்டுவருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் தாள் நின்றபோதும் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. உங்கள் முன்பக்கத்துத் தாளை வாங்கிய டொலரில் எங்கள் அக்கா தங்கைமாரின் விரல் அடையாளம் இருக்கிறது. அந்தத் தாளில் அவர்களுக்கு ஒரு மூலை கேட்பது பிச்சையல்ல.

கேட்பது என்ன? செய்வது என்ன?

தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, ஞாயிறு முன்பக்கத்தில் உள்பக்கக் கேளிக்கைக்கு அறிவிப்புப் போடுவதானால் படமில்லாமல் ஒரு வரி போதும். அதுவும் பக்கத்தின் அடியில்.

இரண்டு, தோட்டத் தொழிலாளர் சம்பளம் பற்றிய வர்த்தமானி, நீதிமன்ற உத்தரவு, கூட்டு ஒப்பந்தம் எது வந்தாலும் அதன் திகதி, தொகை, ஆட்சேபனைக்குரிய கடைசி நாள் ஆகிய மூன்றையும் முன்பக்கத்தின் மேல் பாதியில் பெட்டியாகப் போட வேண்டும்.

மூன்று, மலைநாட்டுக்கு மாதச் சம்பளத்தில் நிருபர்களை நியமிக்க வேண்டும்.

நான்கு, கலைப் பக்கத்தில் காமன் கூத்துக்கும், நம் பாட்டுக்கும், நம் எழுத்தாளருக்கும் நிரந்தர இடம் வேண்டும்.

கோரிக்கை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை. கமிட்டிக்கு ஒரு கொப்பி, ஒரு அடிமட்டம். நான்கு ஞாயிறு, நான்கு முன்பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கேளிக்கைப் பட்டை எத்தனை சென்டிமீட்டர், விளம்பரம் எத்தனை, நாட்டுச் செய்தி எத்தனை, மலைநாட்டுச் செய்தி எத்தனை என்று எழுதுங்கள். பத்திரிகையின் பெயரும் திகதியும் மறக்க வேண்டாம். ஓ.எல். படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள், கணிதப் பயிற்சியும் ஆகட்டும். மாதர் சங்கத் தோழிகள் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்யலாம். கொப்பிகளைக் கண்டி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் கூட்டி, கையில் எண்களோடு ஆசிரியர் பீடங்களின் கதவைத் தட்டுவோம். "எங்களைப் புறக்கணிக்கிறீர்கள்" என்று சொன்னால் அவர்கள் சிரித்து அனுப்பிவிடலாம். "நான்கு ஞாயிறில் எங்களுக்கு இத்தனை சென்டிமீட்டர்தான் கொடுத்தீர்கள்" என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்திரிகைக்குக் கடிதமும் எழுதுங்கள். திட்டி எழுத வேண்டாம். இந்தச் செய்தி எங்களுக்கு வேண்டும், இதை ஏன் போடவில்லை என்று கேட்டு எழுதுங்கள். ஒரு தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் போனால் மேசையில் கிடக்கும். நாற்பது தோட்டத்திலிருந்து ஒரே கிழமையில் நாற்பது கடிதம் போனால் யாராவது எழுந்து ஆசிரியரிடம் கொண்டு போவார்கள். நல்ல செய்தி போட்ட நாளில் நன்றிக் கடிதமும் போக வேண்டும்.

இன்னுமொன்று. முன்பு லயத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்ட வழக்கம் இருந்தது. அதை மறுபடியும் தொடங்குவோம். ஞாயிறு மாலை ஒரு மணித்தியாலம் போதும். சினிமாப் பக்கத்தையும் வாசியுங்கள், சிரியுங்கள். ஆனால் முதலில் சம்பளச் செய்தியைத் தேடுங்கள். அது எத்தனையாவது பக்கத்தில் கிடைத்தது என்று கொப்பியில் எழுதிவையுங்கள்.

முதல் கொப்பிகள் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் வந்து சேரட்டும்.